அங்காயி சிரிக்க வேண்டிய ஷாட்

நூலப்பாளையத்து அங்காயி செத்துப்போனது ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு, நல்லமுத்து முதலாளியின் தறிப்பட்டறை வாசலில், ஊர் பாதி நின்று வேடிக்கை பார்க்க, மூன்றாவது டேக்கில். இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும், நமக்கென்ன வந்தது. நூலப்பாளையத்தில் யாரைக் கேட்டாலும் நாள், கிழமை, அவள் கட்டியிருந்த சேலையின் நிறம் முதற்கொண்டு சொல்வார்கள், சொல்லிவிட்டு டீயைக் குடித்து முடித்து அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள்.

அங்காயிக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. அந்தப் பட்டறையில் தார் சுற்றுகிறவள், அதாவது தறியில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற கட்டையில் நூலைச் சுற்றிக் கொடுக்கிறவள், இருபத்திரண்டு வருசமாக அதே மிஷின், அதே முக்காலி. புருசன் செங்கோடன் அங்கேயே தறி ஓட்டுகிறவன். ஒரே மகள் கோகிலா பி.காம். முடித்துவிட்டு மாப்பிள்ளைக்குக் காத்திருந்தாள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வரன் மூன்று தடவை வந்து பஜ்ஜி தின்றுவிட்டுப் பார்த்துச் சொல்கிறோம் என்று போய், இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தது.

இப்படி இருக்கையில்தான் மிருதுளா வந்து சேர்ந்தாள். ஈரோட்டில் ஒரு காலேஜில் சினிமாப் படிப்பு மூன்றாம் வருசம், கழுத்தில் அப்பா வாங்கிக்கொடுத்த காமிரா, பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாத வாய். ஒரு பேய்ப்படத்தின் ஆரம்பத்தை மட்டும், மூன்று நிமிசத்துக்கு எடுத்துவரச் சொல்லியிருந்தாராம் அவளுடைய வாத்தியார்; பேய்ப்படத்தில் காலகாலமாகக் காட்டுகிறதை அதில் காட்டவும் வேண்டுமாம், அதையே போட்டு உடைக்கவும் வேண்டுமாம். முதல் பாதி செய்தால் பாதி மார்க், இரண்டாம் பாதியும் செய்தால் முழு மார்க்.

"பேய்ன்னா என்னக்கா? வெள்ளைச் சேலை, விரிச்சுப்போட்ட தலை, கொலுசுச் சத்தம், மல்லியப்பூ வாசம், நடுச்சாமம். நாய் ஊளையிடும். கதவு தானாத் தொறக்கும். எத்தனை நாளைக்கு இதையே காட்டறது?" என்று பட்டறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டாள் மிருதுளா. "நம்ம படத்துல பட்டப்பகல். நீங்க செத்துக் கெடக்கறீங்க. நெத்தியில காசு, தாடைக்கு ஒரு கட்டு, கால் கட்டைவெரல் ரெண்டையும் சேத்து ஒரு கட்டு, சுத்தியும் அழுகை. அதுவரைக்கும் பழைய படம். அப்பறம் பட்டறையில ஷிப்டு மணி அடிக்குது. நீங்க கண்ணைத் தொறந்து, கட்டு எல்லாத்தையும் அவுத்து மடிச்சு வச்சுப்போட்டு, எந்திரிச்சு வேலைக்குப் போறீங்க. ஒருத்தரும் பயப்படலை, ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கலை. அவ்வளவுதான், டைட்டில்."

"இதுல பயமுறுத்தறது எங்க இருக்குது அம்மிணி?" என்றாள் அங்காயி.

"அதுதான்க்கா பயமே" என்றாள் மிருதுளா. அங்காயிக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும், இருபத்திரண்டு வருசத்தில் முதல்முறையாக ஒருத்தர் அவளை உட்கார வைத்துப் பேசுகிறார்களே என்று சந்தோசமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள்.

இலைப்பச்சைச் சேலையில் அவளைப் படுக்க வைத்து, மாலை போட்டு, காசு வைத்து, கட்டுக் கட்டி, பட்டறைப் பெண்களைச் சுற்றி உட்கார வைத்து அழச் சொன்னார்கள். முதல் டேக்கில் பக்கத்து வீட்டுப் பாவாயி சிரித்துத் தொலைத்தாள், இரண்டாவது டேக்கில் ஒரு ஆடு குறுக்கே வந்தது, மூன்றாவது டேக்கில் அங்காயி செத்தாள். அவளுக்கே அது தெரிந்தது. சந்தையில் கையில் பிடித்திருந்த பை கூட்டத்தில் நழுவிப் போனால் எப்படியோ அப்படி உள்ளே ஏதோ நழுவிப் போனது, அவ்வளவுதான், வலியும் இல்லை ஒன்றும் இல்லை. மணி அடித்தது, கண்ணைத் திறந்தாள், கட்டுகளை அவிழ்த்து மடித்து வைத்தாள், எழுந்து பட்டறைக்குள் போனாள். மிருதுளா கட் என்று கத்திக் கைதட்டினாள்.

அப்போது சேலத்திலிருந்து வாடகை லைட்டோடு வந்திருந்த மாரப்பன் காமிராவுக்குக் குறுக்கே வந்து நின்றார். முப்பது வருசம் சினிமாவுக்கு லைட் பிடித்த ஆள். "பாப்பா, சிரிக்கற ஷாட்டு ஒண்ணு எடுத்துரு" என்றார். "பொணமா நடிச்சவங்களை அப்பிடியே ஊட்டுக்கு அனுப்பக் கூடாது. காமிராவைப் பாத்துச் சிரிக்கச் சொல்லி ஒரு ஷாட்டு எடுத்துத்தான் அனுப்புவோம், எத்தனை பெரிய ஆர்ட்டிஸ்டா இருந்தாலுஞ் சரி. படத்துல அது வராது. ஆனா எடுத்தாகோணும்."

"அண்ணா, இந்த மாதிரி சமாச்சாரத்தை எல்லாம் உடைக்கறதுக்குத்தான் நாம படமே எடுக்கறோம். நாமளே அதைச் செஞ்சா எப்பிடிங்க?" என்று சொல்லிக்கொண்டே மிருதுளா காமிராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிட்டாள். அங்காயி வெளியே வந்து, சிரிக்க வேண்டுமாமே என்று முந்தானையால் முகத்தைத் துடைத்து, பல் தெரிய வாயைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். யாரும் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போக டவுன் பஸ் ஏறினாள். பெண்களுக்கெல்லாம் இலவச டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் இவளிடம் வந்ததும் கையை நிறுத்தி, "பொணத்துக்கு டிக்கெட் இல்லீங்க்கா" என்றார். ஓசி டிக்கெட்டுக்கே வக்கில்லாமல் போயிற்றே என்று அங்காயிக்கு ரோசம் வந்தது. வீட்டில் செங்கோடன் அவள் கையைத் தொட்டான், தொட்ட கையை வெடுக்கென்று எடுத்தான். தெருமுனை கிளினிக்கில் நர்ஸ் பெண் இரண்டு மணிக்கட்டிலும் மாறி மாறி விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "நாடி இல்லீங்க்கா, நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அனுப்பினாள். பொழுது இறங்குவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது, அங்காயி செத்துப்போயிட்டா, பாவம், நல்ல மனுசி.

பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு எழவுக்கு வந்தார்கள். வந்தவர்களைச் சும்மா உட்கார வைக்கவா முடியும், அங்காயி அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். செத்தவள் கையால் யார் குடிப்பது என்று அதை வாசலில் ஊற்றிவிட்டுக் கடையிலிருந்து வாங்கிவரச் சொன்னார்கள். பாவாயி மாரிலடித்துக்கொண்டு, "கை மணக்க ரசம் வெப்பாளே, என்ர அங்காயி, இனி யாரு வெப்பா" என்று ராகம் போட்டபோது, "இருக்கறப்ப ஒரு நாளும் அதைச் சொல்லலையே நீ" என்று அங்காயி அடுப்படியிலிருந்து கேட்டாள். பாவாயி காதில் வாங்காமல் அடுத்த அடிக்குப் போய்விட்டாள். ஒப்பாரி பாதியில் நின்றால் ஆகாதல்லவா.

உடம்பு எழுந்து நடமாடுகிறது, எதைக் கொண்டுபோய் எரிப்பது என்று ஆண்கள் அரைநாள் வழக்காடினார்கள். கடைசியில் அவளுடைய தலையணை, சீப்பு, செருப்பு மூன்றையும் ஒரு பாயில் சுருட்டி, அண்ணன் கொண்டுவந்த கோடிச்சேலையைப் போர்த்தித் தூக்கிப்போய்க் காவேரிக் கரையில் எரித்துவிட்டு வந்தார்கள். அன்றிலிருந்து அங்காயி வெறுங்காலோடு நடந்தாள், தலைக்குக் கையை வைத்துப் படுத்தாள். செத்தவளோடு ஒரே கூரையில் படுத்தால் ஆயுசு குறையும் என்று யாரோ சொல்ல, செங்கோடன் கண்ணில் நீர் தளும்ப அவள் பாயை எடுத்துப்போய்ப் பட்டறை கோடவுனில் போட்டுவிட்டு வந்தான். நிசமாகவே அழுதான், அதில் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் நாளே அவள் வேலைக்குப் போனாள், வேறெங்கே போவாள். நல்லமுத்து முதலாளி மனசு உருகிப்போய் எல்லாரையும் கூட்டி வைத்து, செத்தும் ஷிப்டு தப்பாமல் வருகிறது பார், இதுவல்லவா விசுவாசம் என்று பேசினார். பேசி முடித்ததும், செத்தவளுக்குக் கால் வலிக்குமா என்று முக்காலியை எடுத்துக் கணக்குப்பிள்ளை அறையில் போடச் சொன்னார். செத்தவளுக்குப் பசிக்குமா என்று பத்து மணி டீயை நிறுத்தினார். செத்தவளுக்குக் கூலி எதற்கு என்பதை அவர் வாயால் சொல்லவில்லை, சனிக்கிழமை வந்தபோது அதுவாகவே நின்றுபோயிற்று. அவள் நின்றபடியே இரண்டு ஷிப்டும் தார் சுற்றினாள். மற்ற பெண்கள் மூத்திரம் பெய்ய எழுந்தால், "செத்தவளே அசையாம நிக்கறா, உங்களுக்கு என்ன கேடு?" என்று மேஸ்திரி கேட்க ஆரம்பித்தான். அதற்கப்புறம் பட்டறையில் அவளோடு ஒருத்தியும் பேசவில்லை.

ஊர் என்னவோ அவளைப் பழகிக்கொண்டது. பேய் என்று யாரும் ஓடவில்லை, அலறவில்லை. கொலுசுச் சத்தமும் மல்லிகை வாசமும் வராதா என்று பார்க்க மிருதுளாவின் கூட்டாளிகள் இரண்டு பேர் பைக்கில் வந்து, அவள் நூல் தூசியும் வேர்க்காத உடம்புமாகச் சாதாரணமாக நிற்பதைப் பார்த்துவிட்டுச் சப்பென்று திரும்பிப் போனார்கள். மாமியாரைப் பறிகொடுத்த பெண்கள் வந்து, அங்கே அவரைப் பார்த்தால் வீட்டுப் பட்டாவை எங்கே வைத்தார் என்று கேட்டுச் சொல் என்றார்கள். நான் எங்கேயும் போகவில்லையே, இங்கேதானே நிற்கிறேன் என்று அவள் சொன்னால், சொல்ல மனசில்லை உனக்கு, செத்தும் குணம் போகலை என்று திட்டினார்கள். சோறு இறங்காத பிள்ளைகளுக்கு, அங்காயி வந்துருவா, சீக்கிரம் முழுங்கு என்று பயம் காட்டினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு காலத்தில் அவளே மடியில் வைத்துச் சோறு ஊட்டியிருக்கிறாள், அப்போதும் அதே தெருவில்தான் நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு ரொம்ப வலித்தது.

விட்டுப்போன சிரிக்கிற ஷாட்டை இப்போது எடுத்தால் உசுர் திரும்புமா என்று மாரப்பனுக்குப் போன் போட்டுக் கேட்டாள். "எப்ப வேணாலும் எடுக்கலாந் தாயி" என்றார் அவர். "ஆனா நீ செத்ததைப் பாத்த காமிராதான் நீ சிரிக்கறதையும் பாக்கோணும். வேற காமிரா ஆகாது." செல்போனில் எடுத்துப் பார்த்தாள், கல்யாண வீடியோக்காரனிடம் கெஞ்சி எடுத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை, கை ஐஸாகவே இருந்தது. மிருதுளாவுக்குப் போன் போட்டால், செமஸ்டர் முடியட்டும்க்கா என்றாள். செமஸ்டர் முடிந்தால், படவிழாவுக்கு அனுப்பியிருக்கேன், அது முடியட்டும்க்கா என்றாள். "நீங்க இப்பச் சிரிச்சு உசுரோட வந்துட்டா படம் பொய்யாயிரும்க்கா. ஜூரி எல்லாம் உங்க கண்ணைப் பத்தித்தான் பேசறாங்க, இப்பிடி ஒரு பொணத்தைப் பாத்ததே இல்லைன்னு. கொஞ்சம் பொறுங்க, ப்ளீஸ்."

இதற்கிடையில் திருச்செங்கோட்டு வரன் தானாக வந்து கதவைத் தட்டியது. தாயில்லாத பெண் என்று கேள்விப்பட்டு மாப்பிள்ளையின் தாயார் கண் கலங்கிப் போய்விட்டார். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த சீரில் பாதியை விட்டுக்கொடுத்து, தாய் செத்த வருசத்துக்குள் கல்யாணத்தை முடித்துவிடணும், தாண்டினால் தள்ளிப்போகும் என்று தேதியும் குறித்துவிட்டார்கள். ஒப்புத்தாம்பூலத்தன்று அங்காயி ஒரு தட்டில் காபி கொண்டுபோனாள். சம்பந்தியம்மா எல்லார் கையிலும் வாங்கிக் குடித்தவர் இவள் தட்டைப் பார்த்ததும், "இருக்கட்டுங்க, நீங்க சாமியாட்டம், உங்ககிட்ட வேலை வாங்கறது பாவம்" என்று பின்னால் நகர்ந்துகொண்டார்.

அங்காயிக்கு அதற்கப்புறம் ஒரே ஒரு ஆசைதான் மிஞ்சியது. மகள் கழுத்தில் தாலி ஏறும்போது சூடான உடம்போடு பக்கத்தில் நிற்க வேண்டும், மஞ்சள் அரிசியைத் தன் கையால் போட வேண்டும், அவ்வளவுதான். அதை மிருதுளாவிடம் போனில் சொன்னபோது அழுகைகூட வரவில்லை, செத்தவளுக்கு எங்கே கண்ணீர். மிருதுளாவுக்கே என்னமோ போலாகிவிட்டது. கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கையில், படவிழாவெல்லாம் முடிந்துவிட்ட நிலையில், காமிராவைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அதே பட்டறை வாசல், அதே இலைப்பச்சைச் சேலை, அதே உச்சிவெயில். நாற்பது பேர் கூடிவிட்டார்கள். மிருதுளா காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு ரோலிங் என்றாள், சிரிங்க்கா என்றாள். அங்காயி எதை நினைத்துச் சிரிப்பது என்று ஒரு நிமிசம் தேடினாள். ஓசி டிக்கெட்டைக் கொடுக்க மறுத்த கண்டக்டர் ஞாபகம் வந்தது, செத்தவளுக்கு எதற்குப் பஸ் என்று ஒரு வார்த்தை கேட்காமல் டிக்கெட்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்த அந்த மனுசனின் கடமையுணர்ச்சி ஞாபகம் வந்தது. முதலில் ஒரு விக்கல் வந்தது, அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, நாற்பத்து நாலு வருசத்தில் ஒரு தடவையும் சிரிக்காத ஒரு சிரிப்பு அவளிடமிருந்து புறப்பட்டது.

அது புறப்பட்ட அந்த நொடியில் கோகிலா கூட்டத்திலிருந்து விலகி வந்து, நலங்கு மஞ்சள் காயாத உள்ளங்கையை லென்ஸின்மேல் வைத்து அழுத்தினாள்.

"அம்மா, பொறுத்துக்கோம்மா, தாலி ஏறட்டும்" என்றாள். "செத்த வருசம்னுதான் அவுங்க சரின்னாங்க. நீ இப்ப உசுரோட வந்து நின்னா ஏமாத்திப் போட்டாங்கன்னு பத்திரிகையைக் கிழிச்சுப் போட்டுப் போயிருவாங்க. என்ர வாழ்க்கைம்மா. மூணு நாளு. அப்பறம் நீ எத்தனை வேணாலும் சிரிச்சுக்கோ."

சிரிப்பு அப்படிப் பாதியில் நிற்கிற சாமானா. அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது, அங்காயி இரண்டு கையாலும் வாயைப் பொத்தியும் விரல் இடுக்கில் வழிந்துகொண்டே இருந்தது, அடிவயிறு காலியாகிற வரைக்கும் வந்து, தீர்ந்து, நின்றது. நாற்பது பேர் நின்றார்களே, ஒருத்தர் அந்தப் பெண்ணின் கையை இழுத்து விட்டிருக்கலாம். செங்கோடன் கல்யாணச் செலவை நினைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். முதலாளி சம்பளமில்லாத இரண்டு ஷிப்டை நினைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பாவாயி, நமக்கேன் வம்பு, தாய்க்கும் மகளுக்கும் நடுவில் என்று மூக்கைச் சிந்தினாள். மிருதுளாவாவது அதைத் தட்டிவிட்டிருக்கலாம், அவளுக்குக் கை காமிராவில்தான் இருந்தது, ஆனால் ஹெட்போன் வழியாக அந்தச் சிரிப்பு மண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, எதிரே சின்னத் திரை கும்மிருட்டாக இருந்தது, அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிருந்தது. "ஐயோ," என்றாள், "செமையா இருக்குது."

அதைத்தான் அவள் தன் படத்தின் ஆரம்பத்தில் ஒட்டினாள். இருட்டுத் திரை, அதற்குள் ஒரு பொம்பளையின் சிரிப்பு. பேய்ப்படம் என்று ஒன்று பிறந்த நாளிலிருந்து எல்லாரும் காட்டிவருகிற அதே இருட்டு, அதே சிரிப்பு. இதையெல்லாம் உடைக்கப்போறேன் என்று வந்தவள்தான் அவள். அது அவளுக்கும் தெரியும், வாத்தியாரும் கேட்டார். "என்னங்க சார் பண்றது, ஒர்க் ஆகுதே" என்றாள். ஒர்க் ஆனது. கோயம்புத்தூரில் தியேட்டரில் போட்டபோது அலறினார்கள், ஒரு பையன் மயக்கம் போட்டான், படத்துக்கு இரண்டு பரிசு, சென்னையில் உதவி டைரக்டர் வேலை. பட்டப்பகலில் எழுந்து வேலைக்குப் போகிற பிணத்தைப் பார்த்து யாரும் பயப்படவில்லை, அது நீளம் என்று வெட்டிவிட்டார்கள்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மேடையில் அங்காயியின் போட்டோவுக்குச் சந்தன மாலை போட்டு வைத்திருந்தார்கள், பெண்ணும் மாப்பிள்ளையும் அதன் முன்னால் விழுந்து கும்பிட்டார்கள், கோகிலா ஏங்கி ஏங்கி அழுதாள், பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். போட்டோவுக்குச் சொந்தக்காரி மண்டபத்துப் பின்கட்டில், எச்சில் இலை கொட்டுகிற இடத்தில் நின்று, கெட்டிமேளச் சத்தத்தை வைத்து, இப்போது தாலி ஏறியிருக்கும் என்று கணக்குப் போட்டாள். கையில் கொஞ்சம் மஞ்சள் அரிசி வைத்திருந்தாள். போடுவதற்கு ஆள் இல்லாமல் அதைக் கோழிக்குப் போட்டாள்.

மூன்று நாள் போயிற்று, முப்பது நாள் போயிற்று. கோகிலா போன் பண்ணினால் சௌக்கியமா என்று கேட்டாள், காமிராவைப் பற்றிக் கேட்கவில்லை. அங்காயியும் கேட்கவில்லை.

ஏழாம் மாசம் வளைகாப்பு நெருங்கியபோதுதான் சிக்கல் வந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை. ஆனால் பச்சைப் பிள்ளையைக் கொண்டுபோய்ச் செத்தவள் நடமாடுகிற வீட்டில் போட மாட்டேன் என்று சம்பந்தியம்மா ஒரே பிடியாக நின்றுவிட்டார். உங்கம்மா உசுரோட இருந்தா அனுப்பறேன், செத்துப்போனா அனுப்ப முடியாது, ரெண்டுல ஒண்ணு சொல்லு என்றார். மாமியார் வீட்டில் கோகிலாவுக்கு வாய்க்குப் பிடித்த சோறு கிடையாது, மத்தியானம் படுத்தால் பேச்சு, கால் வீங்கினால் பேச்சு. அம்மா வேண்டும் என்று அவளுக்கு அப்போது வந்தது. சென்னைக்குப் போன் போட்டு மிருதுளாவிடம் அழுதாள். மிருதுளாவும் மனசு உறுத்திக்கொண்டேதான் இருந்திருக்கிறாள் போல, லீவு போட்டுவிட்டு அதே காமிராவோடு ஓடிவந்தாள்.

இந்தத் தடவை ஊரே அங்காயி பிழைக்க வேண்டும் என்று வந்து நின்றது. செங்கோடனுக்கு ஒன்றரை வருசமாக ஓட்டல் சோறு தின்று வயிறு புண்ணாகியிருந்தது. பட்டறைப் பெண்களுக்கு, அவள் பிழைத்து மூத்திரத்துக்கு எழுந்தால்தான் தாங்களும் எழ முடியும். பாவாயிக்கு ரசம். மாரப்பன்கூடச் சேலத்திலிருந்து தன் காசில் பஸ் ஏறி வந்திருந்தார். கோகிலா வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மாமியார் வீட்டுக் காரிலிருந்து இறங்கி, காமிராவுக்கு நேர் பின்னால் ஒரு சேரில் உட்கார்ந்தாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"ரோலிங். சிரிங்க்கா" என்றாள் மிருதுளா.

அங்காயி சிரிக்கப் பார்த்தாள். வாய் அகலமானது, பல் தெரிந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. வாயை இளிச்சா ஆகாது தாயி, நெசமாச் சிரிக்கோணும் என்றார் மாரப்பன். கண்டக்டரை நினைத்தாள், அவரும் பாவம் வேலையைத்தானே பார்த்தார் என்று தோன்றியது. செங்கோடன் அவள் சேலை ஒன்றைத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு இடுப்பை ஒடித்து ஆடிக் காட்டினான், கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது, அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவாயி தன் முதல் ராத்திரிக் கதையைச் சொன்னாள், இருபது வருசமாகச் சொல்லும்போதெல்லாம் அங்காயிக்குப் புரையேறுகிற கதை அது, அவள் கடைசி வரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். இரண்டு பெண்கள் உட்கார்ந்து உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினார்கள், பதினெட்டு மாசமாக வெறுங்காலில் நடந்த அந்தத் தோலுக்கு எதுவும் தெரியவில்லை. முதலாளியே முன்னால் வந்து, முக்காலியைத் திருப்பித் தர்றேன் அங்காயி, கொஞ்சம் சிரி என்றார்.

சிரிக்க வேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள், அதில் துளிப் பொய்யில்லை. மகள் வயிற்றைப் பார்த்தாள், அந்தப் பிள்ளையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும், காலில் போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதன் சூடு தன் கையில் ஒட்ட வேண்டும் என்று அப்படி ஆசையாக இருந்தது. உள்ளே கையை விட்டுத் துழாவுகிற மாதிரி துழாவினாள், அடி தட்டியது, காலியாக இருந்தது. நாற்பது நிமிசம் காமிரா ஓடியது. கார்டு நிறைந்து அதுவாகவே நின்றபோது மிருதுளா மெல்ல ஹெட்போனைக் கழற்றினாள். கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது.

கோகிலா எழுந்து வந்து அவள் முன்னால் நின்றாள். முகம் சிவந்திருந்தது. "அன்னைக்கு நான் கையை வச்சேன்னுதானே?" என்றாள். "அதை மனசுல வச்சுக்கிட்டுத்தானே? ஊரே ஆடிப் பாடியும் சிரிக்காம நின்னியே, வேணும்னுதானே நின்னே? என்ர வயித்துல கெடக்கறது உனக்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

இல்லை கண்ணு, வரலை என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. சொல்லியிருந்தால் கோகிலா அவளைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுது, என்ன பண்றது, என் தலையெழுத்து என்று மனசை ஆற்றிக்கொண்டு காரில் ஏறிப் போயிருப்பாள், ராத்திரி தூக்கமும் வந்திருக்கும். செத்த நாளிலிருந்து அங்காயி எல்லாருக்கும் எது சௌகரியமோ அதைத்தான் சொல்லிவந்தாள், எது சௌகரியமோ அதைத்தான் செய்துவந்தாள்.

"ஆமா கண்ணு, வேணும்னுதான்" என்றாள்.